கட்டை இறங்கிய கதை

இளையரசனேந்தல் பிர்கா 2008 வரை சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்தது. பிறகு கோவில்பட்டியோடு சேர்த்துவிட்டார்கள். தாலுகா எதுவானாலும் இந்தக் கரிசக்காட்டுக்குப் பாட்டு வந்த திசைகள் இரண்டு. மேற்கே செங்கோட்டை, கிழக்கே எட்டயபுரம்.

செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா (1906–1933) மைக் இல்லாத நாடக மேடையில் வளர்ந்தவர். கொட்டகையில் கடைசியாக உட்கார்ந்திருப்பவன் காதிலும் பாட்டு விழவேண்டும் என்பதால், அந்தக் காலத்து ஆண் பாடகர்கள் நாலு கட்டை, ஐந்து கட்டை என்று சுருதி வைத்துச் சாதகம் பண்ணினார்கள். மைக் வந்ததும் கட்டை இறங்கிற்று. இன்றைக்குப் பலருக்கு ஒன்று, ஒன்றரை. இதை நஷ்டக் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. மந்தர ஸ்தாயியில் நின்று நிதானமாக ராகத்தை இழைக்க முடிந்தது மைக்கின் புண்ணியத்தில்தான்.

எட்டயபுரத்தின் கதை வேறு. முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் அங்கேதான் காலமானார். தம்பி பாலுசுவாமி சமஸ்தான வித்வான். தீட்சிதர் பாடாந்தரம் அந்த வீட்டிலும் சீடர்களிடமுமாக இருந்தது. சங்கீத அபிமானி சின்னசாமி முதலியார் விடாமல் வற்புறுத்தியதில், 1904-ல் அந்த வீட்டு வாரிசு சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை அச்சேற்றினார். தெலுங்கு லிபி. ஸ்வரத்துக்கு மேலே ஒரு நெளிகோடு இருந்தால் கம்பிதம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது. மற்ற கமகங்களுக்கும் தனித்தனி அடையாளம். இன்று அதன் பக்கங்களைப் போனிலேயே புரட்டலாம். ஆனால் எவ்வளவு அசைப்பது என்பதை நெளிகோடு சொல்லாது. ஒருவர் பாடிக் காட்டத்தான் வேண்டும்.

அந்த ஒருவரிடம் போய்ச் சேருவதுதான் அன்று பெரும்பாடு. குரு வீட்டில் தண்ணீர் சுமந்து, துணி துவைத்து, அவருக்கு மனசு வந்த நேரத்தில் பாடம். பல வீடுகளின் வாசலில் சாதி நின்றது. இப்போது மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசைக்கு மூன்றாண்டுப் படிப்பு. விண்ணப்பம் போட்டால் சேரலாம். குருகுலப் பெருமை பேசுகிறவர்கள் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி ஞானம் மட்டும் அன்று இலவசம். கோவில்பட்டியில் குடியிருந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனத்தைக் கேட்டுக்கேட்டே கல்யாணியையும் தோடியையும் இனம் கண்ட சம்சாரிகள் உண்டு. இடைசெவல் கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் எழுத்தோடு சங்கீதத்துக்கும் பைத்தியமாக அலைந்தவர்கள்.

இப்போது தம்புரா போனுக்குள் இருக்கிறது. சென்னை வாத்தியாரும் திரையில் வந்துவிடுகிறார். ஒன்றுதான் நடக்கவில்லை: கூடச் சேர்ந்து பாடுவது. இணையத்தில் சத்தம் இம்மி பிந்தி வருவதால் இருவர் தாளமும் ஒட்டாது. அதனால் அவர் பாடி நிறுத்துகிறார். பிள்ளை மியூட்டை எடுத்துவிட்டுத் திருப்பிப் பாடுகிறது. வர்ணத்தை இரண்டாம் காலத்தில் பாடும்போது தடுமாறினால், குருவின் குரலைப் பிடித்துக்கொண்டு கரையேற வழியில்லை. நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.