அம்மாவோட ஒரு ராத்திரி: கூத்து எப்படிப் பார்க்கணும்?

பங்குனி பொறந்துட்டா வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்கள்ல துரோபதை அம்மன் கோயில் திருவிழாக்கள் ஆரம்பிச்சிடும். ஆடி வரைக்கும் ஒவ்வொரு ஊரா நடக்கும். பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி தெருக்கூத்து, கடைசியில தீமிதி. நம்ம செட்டுல நிறைய பேர் தீமிதிக்குப் போவோம். கூத்துக்குப் போனா பதினோரு மணிக்கெல்லாம் "ஒண்ணும் புரியல மச்சி"ன்னு வண்டியை எடுத்துடுவோம். அதே திடல்ல நம்ம அம்மா, பாட்டி எல்லாம் பாயை விரிச்சு விடியற வரைக்கும் உக்காந்திருப்பாங்க. அவங்களுக்குப் பிடிபடறது நமக்கு ஏன் பிடிபடல? இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான்.

ராத்திரி எப்படி நகருது

கூத்து சினிமா மாதிரி முதல் நிமிஷத்துல கதைக்குள்ள போகாது. முதல்ல மிருதங்கம், ஆர்மோனியம், தாளம், முகவீணை எல்லாம் சேர்ந்து வாசிப்பாங்க. இதுக்குக் களரி கட்டுறதுன்னு பேரு. கூத்து ஆரம்பிச்சாச்சுன்னு ஊருக்கே சொல்ற அறிவிப்பு இது.

முகவீணை பார்க்க நாதஸ்வரத்தோட குட்டித் தம்பி மாதிரி இருக்கும், சத்தம் மட்டும் ரொம்ப உச்சத்துல இருக்கும். மனுஷக் காது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள சத்தத்தைத்தான் சுலபமா பிடிக்கும். மைக் இல்லாத காலத்துல திறந்த வெளியில கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர இந்த மாதிரி கீச்சுக் குரல்தான் சரிப்பட்டு வரும்.

அடுத்து கட்டியக்காரன் வருவான். கதை சொல்றவனும் அவன்தான், ராஜாவைக் கிண்டல் பண்றவனும் அவன்தான். அப்புறம் ரெண்டு பேர் ஒரு துணியைத் திரையா பிடிச்சு நிப்பாங்க. அதுக்குப் பின்னாடி நின்னு வேஷக்காரர் பாட ஆரம்பிப்பார். "துரியோதன மகாராஜா வர்றார்"னு தன்னையே வேற யாரோ மாதிரி வர்ணிப்பார். திரை விலகினதும் தான் முழு வேஷமும் தெரியும். அம்மாவைக் கேட்டுப் பாருங்க, திரை விலகறதுக்கு முன்னாடியே குரலை வெச்சு எந்த ஆளுன்னு சொல்லிடுவாங்க.

ஒரே சேதி மூணு தடவை

"ஏன் இவ்ளோ இழுக்கறாங்க?" என்பது நம்ம முதல் புகார். இதுக்குப் பதில் நம்ம சிலபஸ்லயே இருக்கு. இரைச்சல் உள்ள சேனல்ல தகவல் அனுப்பணும்னா ஒரே பிட்டைத் திரும்பத் திரும்ப அனுப்புவோம் இல்லையா? கூத்தும் அதைத்தான் பண்ணுது. ஒரு சேதி முதல்ல விருத்தமா வரும், தாளம் இல்லாம இழுத்துப் பாடறது. அடுத்து அதே சேதி தருவா வரும், தாளத்தோட ஆடிப் பாடறது. மூணாவதா வசனமா வரும். நடுநடுவுல பின்பாட்டுக்காரங்க அடியைத் திருப்பிப் பாடுவாங்க. அது போதாதுன்னு கட்டியக்காரன் நம்ம ஊர்ப் பேச்சுல "அதாவது ராஜா என்னா சொல்றார்னா..."ன்னு போட்டு உடைப்பான்.

குழந்தை அழும், ஒருத்தர் டீ குடிக்க எழுந்து போவார், பக்கத்துல ஒரு தாத்தா குறட்டை விடுவார். இதெல்லாம் நடக்கும்னு தெரிஞ்சு கட்டின வடிவம் இது. நடுவுல ஒரு மணி நேரம் தூங்கினாலும் கதை கைவிட்டுப் போகாது. விருத்தம் புரியலையா, விட்டுடுங்க, வசனத்தைப் பிடிங்க.

கட்டையும் கிறிக்கியும்

ராஜ வேஷக்காரர் தலையில கிரீடம், தோள்ல புஜகீர்த்தி, மார்புல பதக்கம் எல்லாம் இருக்கும். பெரும்பாலும் மரத்துல செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் ஒட்டினது. இதுக்குக் கட்டைன்னு பேரு. காஞ்சிபுரம் பக்கம் இந்தக் கலையையே கட்டைக்கூத்துன்னு சொல்றாங்க.

இவ்வளவையும் கட்டிக்கிட்டு அவர் சுழல்ற சுழற்சிக்குக் கிறிக்கின்னு பேரு. பாலே நடனத்துலயும் சுழற்சிதான் கைதட்டல் வாங்கும். 1877ல மாஸ்கோவுல முதல்ல மேடை ஏறின 'ஸ்வான் லேக்'ல கறுப்பு அன்னமா வர்றவங்க ஒரே காலை ஊன்றி 32 சுற்று சுத்தறது பிரபலம். அங்க கையை உடம்போட ஒட்டிக்கிட்டா நிலைமத் திருப்புத்திறன் குறைஞ்சு வேகம் ஏறும். கூத்துல புஜகீர்த்தி தோளை விட்டு வெளியே நீட்டிக்கிட்டு நிக்கும், அதை மடக்க முடியாது. அதனாலதான் கட்டைக்குக் கல்யாண முருங்கை மாதிரி கனமில்லாத மரம். மிச்சத்தைக் கால் பார்த்துக்கணும். அடுத்த தடவை முகத்தை விட்டுட்டு வேஷக்காரரோட பாதத்தைப் பாருங்க, எவ்வளவு சின்னச் சின்ன அடியா மாத்தி வைக்கறார்னு தெரியும்.

துகில் ராத்திரி

ஒரே ஒரு ராத்திரிதான் போக முடியும்னா 'துரோபதை துகில்' அன்னைக்குப் போங்க. சூதுல தருமன் தம்பிகளைத் தோத்து, தன்னையே தோத்து, கடைசியா துரோபதையை வெச்சுத் தோத்துட்டான். துச்சாதனன் கூந்தலைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றான். துரோபதை சபையைப் பார்த்துக் கேக்கறா: தன்னையே தோத்துட்டு அடிமையானவருக்கு, என்னை வெச்சு ஆட என்ன உரிமை?

சேலையைத் தொடறதுக்கு முன்னாடி துச்சாதனன் வேஷக்காரர் ஆட்டத்தை நிறுத்துவார். கற்பூரம் ஏத்துவாங்க. அவர் அம்மனைக் கும்பிட்டு மன்னிப்பு கேட்டுட்டுத்தான் சேலையில கை வைப்பார். எதிர்ல நிக்கறது பெண் வேஷம் கட்டின ஒரு ஆண்தான், அது எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த நேரத்துல அவர் துரோபதை அம்மன். திடல்ல சில பேருக்கு அருள் வந்துடும். பேசிக்கிட்டு இருந்தவங்க அமைதியாயிடுவாங்க.

போன வருஷம் அந்த இடத்துல எங்க அம்மா என் பக்கம் திரும்பாமலே சொன்னாங்க: "அவ்ளோ பெரியவங்க உக்காந்திருக்காங்க, அவ கேட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல பாரு." எங்க அம்மா எட்டாவதோட நிறுத்தப்பட்டவங்க. வீட்ல நிலம் விக்கறதோ கடன் வாங்கறதோ, முடிவான பிறகுதான் அவங்களுக்குச் சேதி வரும். துரோபதை கேட்ட கேள்வியை அவங்க வருஷா வருஷம் கேக்கறாங்க. கதை தெரிஞ்சும் ஏன் திரும்ப வந்து உக்கார்றாங்கன்னு எனக்கு அப்பதான் உறைச்சது. அன்னைக்கு நடந்து வீட்டுக்கு வரும்போது எங்க கொல்லைமேட்டு நிலத்தை வித்த கதையை முதல் தடவையா அம்மா வாயாலயே கேட்டேன்.

இந்தச் சபைக் கதையைத்தான் பாரதியார் 'பாஞ்சாலி சபதம்'னு எழுதினார். 1908லேர்ந்து 1918 வரைக்கும் அவர் இருந்தது நம்ம புதுச்சேரியில. முதல் பாகம் 1912ல வந்தது. பள்ளிக்கூடத்துல நாம அதைச் செய்யுளா மனப்பாடம் பண்ணோம். அம்மாவுக்கு அதே கதை திடல்ல கிடைச்சது. பாகூர்ல 9ஆம் நூற்றாண்டுலயே ஒரு கல்லூரி இருந்ததுன்னு பல்லவர் காலச் செப்பேடு சொல்லுது. அந்த மாதிரி இடங்களுக்குள்ள போக முடியாதவங்களுக்குக் கூத்துத் திடல்தான் பாரதம் சொல்லிக் கொடுத்தது.

துரோபதை அன்னைக்கு அவிழ்த்த கூந்தலை உடனே முடிய மாட்டா. படுகளம் அன்னைக்கு, தரையில மண்ணால படுத்த மாதிரி செஞ்ச பெரிய துரியோதனன் உருவத்துக்கிட்டதான் முடிவா. அதுக்கப்புறம் தீமிதி. துகில் பார்க்காம தீமிதி மட்டும் பார்க்கறது, கேள்வியைப் படிக்காம விடையை மட்டும் படிக்கற மாதிரி.

போறதுக்கு முன்னாடி

பத்து மணிக்குள்ள போனா முன்னாடி இடம் கிடைக்கும். பாய், போர்வை, தண்ணி எடுத்துக்கோங்க. பின்பாட்டுக்காரங்க பக்கமா உக்காருங்க, வார்த்தை தெளிவா கேக்கும். வேஷம் கட்டற இடத்தை எட்டிப் பார்க்கணும்னா ஜமா வாத்தியார்கிட்ட கேட்டுட்டுப் போங்க. கற்பூரம் ஏத்தற நேரத்துல போன் பிளாஷ் வேண்டாம். தூக்கம் வந்தா தூங்குங்க, "துகிலுக்கு எழுப்பிவிடும்மா"ன்னு மட்டும் சொல்லி வைங்க. திரும்பி வரும்போது வண்டியை மெதுவா ஓட்டுங்க, அம்மா பின்னாடி உக்காந்து ஏதாவது சொல்லிக்கிட்டு வருவாங்க.