எதிர்நீச்சலும் மீன்குஞ்சுத் தேர்வும்

விருதுநகர் ஜில்லாவில் மழை சொற்பம். சிவகாசி வட்டாரத்தில் பட்டாசும் தீப்பெட்டியும் பெருகியதற்கு இவ்வறட்சியும் ஒரு காரணமாகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே இங்குள்ள அநேகக் கண்மாய்களை நிரப்புகிறது; அந்த ஜலமும் சில மாதங்களே நிற்கும். மீன்பாசிக் குத்தகை எடுத்தோர் விட்ட குஞ்சுகள் முதல் வாரத்திலேயே பெருவாரியாக மடிந்துபோனால், மறுபடி விட்டு வளர்க்கக் காலம் இராது. ஆகையால் குஞ்சு வாங்கும்பொழுதே அதன் வலிமையை அறிதல் அவசியம்.

முற்காலத்தில் கெண்டைக் குஞ்சுகளை ஆறுகளிலிருந்து வாரி வந்தனர். 1957ஆம் வருஷம் ஒரிஸ்ஸாவில் ஹீராலால் சௌதுரி என்பார், ஊக்குநீர் ஊசியினால் பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்தார். அதன் பின்னரே கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகள் பண்ணைகளில் ஏராளமாகக் கிடைக்கலாயின. ஒரே தாய்வயிற்றில் ஒரே நாளில் பிறந்தவை என்பதால், அவையாவும் ஒரே தன்மையன என்று குடியானவர் எண்ணுகின்றனர். அது சரியன்று.

1964ஆம் வருஷம் கனடா தேசத்துச் சாஸ்திரியாகிய பிரெட் என்பார் சால்மன் மீன்களைக் குழாய்க்குள் விட்டு, நீரோட்டத்தைப் படிப்படியாக விரைவுபடுத்தி, அவை களைத்துப் பின்வாங்கும் வேகத்தை அளந்தார். இம்முறையில் ஒத்த அளவுள்ள மீன்களைச் சோதித்தாலும் ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் களைப்பது கண்கூடு. பாஸ் என்னும் மீனைச் சோதித்த கோலாக் என்பவர், மீனுக்கு மீன் உள்ள இவ்வேற்றுமை மறுமுறை அளக்கும்பொழுதும் நிலைத்திருப்பதை 1992ஆம் வருஷம் வெளியிட்டார்.

இதற்குக் காரணம் இருவகை. இருதயம், செவுள், தசை ஆகியவற்றின் திறன் பிறவியிலேயே வேறுபடும். மீனின் சிவந்த தசை நெடுநேரம் நீந்தவும், வெண்தசை திடீரெனப் பாயவும் உதவுவன. மற்றொரு வகை தற்காலிகமானது. நெடும் பயணம், நெருக்கம், நோய், சூடேறிய ஜலத்தில் பிராணவாயு குறைதல் ஆகியவற்றால் வலிய குஞ்சும் சோர்ந்துவிடும்.

குஞ்சு வாங்குவோர் பின்வரும் எளிய பரீட்சையைச் செய்து பார்க்கலாம்:

1. பண்ணைத் தொட்டியின் இரண்டு மூன்று இடங்களிலிருந்து ஒத்த அளவுள்ள சில குஞ்சுகளை எடுக்க வேண்டும். பெரியதையும் சிறியதையும் கலந்தால் பரீட்சை பிசகும்.

2. அதே தொட்டி ஜலத்தை அகன்ற பாத்திரத்தில் ஊற்றிக் குஞ்சுகளை விட்டு, கையினால் ஒரே பக்கமாகச் சுழற்ற வேண்டும். வலியவை தலையைத் திருப்பி எதிர்நீச்சல் போடும். மெலிந்தவை சுழலோடு நடுவில் போய்ச் சேரும்.

3. நடுவில் சேர்ந்தவற்றை நல்ல ஜலத்தில் சற்று இளைப்பாறவிட்டு மறுபடி சோதித்தால், களைத்தவை தேறிவிடும். மெய்யாகவே மெலிந்தவை தேறா. தேறாதவை மிகுதியாயின், அத்தொகுதியை மறுத்து வேறு கேட்பதே நலம்.

கண்மாய்க்குக் கொண்டுவந்த பின்னும் கவனம் வேண்டும். பையைக் கால் மணி நேரமேனும் மிதக்கவிட்டு, கண்மாய் ஜலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, காலையிலோ மாலையிலோ பையின் வாயைத் திறந்து சாய்க்க வேண்டும். வலிய குஞ்சுகள் தாமே வெளியேறும். பையில் தங்கிவிட்டவற்றை எண்ணிக் கணக்கில் கழித்துக்கொள்க. மெலிந்த குஞ்சு விராலுக்கு இரையாவது எளிது. கலுங்கில் வெள்ளம் வடிந்த பிறகு குஞ்சு விடுவதும், கலுங்குக்கு வலையடைப்புக் கட்டுவதும் நன்று.

நீந்தும் வலிமை பிழைப்பதற்கே துணை. எடை ஏறுவது தீனியையும் குஞ்சுகளின் நெருக்கத்தையும் பொறுத்தது. ஆயினும் பிழைத்த மீனுக்குத்தானே தீனி! கிராம அதிகாரிகள் குத்தகைதாரரைக் கூட்டி, குஞ்சு வந்திறங்கும் நாளில் யாவரும் காண இப்பரீட்சையை நடத்திவைப்பாராயின், பின்னர் நஷ்டமும் வழக்கும் பெரிதும் குறையும்.