படச் சட்டத்துக்கு வயது ஏற்றுவது

பழைய சாமான்களுக்கு இப்போது நல்ல காலம் பிறந்திருக்கிறது. பாட்டி காலத்துப் பித்தளைக் கூஜாவும், பரணிலே கவிழ்ந்து கிடந்த ஊறுகாய் ஜாடியும் கூடத்து அலமாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டன. அவற்றோடு பழைய படச் சட்டங்களும் மதிப்புப் பெற்றிருக்கின்றன. ஆனால், கிராக்கி பெருகிய அளவுக்குப் பழைய சட்டங்களுக்கு எங்கே போவது? கறையானுக்கும் மழைக்கும் இரையானவை போக, மிச்சம் இருப்பவை கொஞ்சந்தான். ஆகையால், நேற்று இழைத்த சட்டத்துக்கு இன்று நூறு வயது ஏற்றும் வித்தை ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. மெய்யாகவே நூறு வயதான சட்டத்தை வீட்டில் வைத்திருப்பவர் அதைத் தச்சரிடம் கொடுத்து, உப்புக் காகிதத்தால் தேய்க்கச் சொல்லி, பளபளவென்று வார்னிஷ் அடித்து வாங்கி வருகிறார். புதுச் சட்டம் வாங்கியவரோ அதைச் சங்கிலியால் அடித்து, சாயம் ஏற்றி, அழுக்குப் பூசிக் கிழமாக்குகிறார். இவ்விருவரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ச் சட்டத்தை மாற்றிக்கொண்டிருந்தால், இருவருக்கும் கூலியாவது மிச்சமாகியிருக்கும்!

நம் வீடுகளில் படச் சட்டத்துக்குத் தனியான ஒரு சரித்திரம் இருக்கிறது. மராட்டிய மன்னர்கள் தஞ்சையை ஆண்ட காலத்தில் (1676 முதல் 1855 வரை) செழித்த தஞ்சாவூர்ப் படங்களை நேயர்கள் பார்த்திருப்பார்கள். பலாப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பசையால் மேடு எழுப்பி, தங்க ரேக்குப் பதித்து, கண்ணாடிக் கற்கள் இழைத்த அந்தப் படங்களைக் கனமான தேக்குச் சட்டத்துக்குள் பொருத்துவது வழக்கம். பிறகு, 1894-ஆம் வருஷத்தில் ஓவியர் ரவிவர்மா பம்பாயில் அச்சுக்கூடம் தொடங்கித் தம்முடைய ஓவியங்களைக் கல்லச்சில் பல வர்ணங்களில் வெளியிட்டார். அரண்மனைச் சுவர்களில் இருந்த லக்ஷ்மியும் ஸரஸ்வதியும் சாதாரணக் குடும்பங்களின் பூஜை அறைக்கு வந்து சேர்ந்தது அதன் பிறகுதான். காகிதத்து லக்ஷ்மிக்குச் சரிகையும் ஜிகினாவும் ஒட்டிப் புடவை உடுத்தி அழகு பார்த்த பெண்மணிகளும் உண்டு. இத்தனை அருமையாகப் பேணிய படத்துக்குக் கண்ணாடியும் சட்டமும் போடாமல் இருப்பார்களா?

அந்தப் படங்களில் பல இன்னும் பிழைத்திருக்கின்றன; சட்டங்கள்தாம் பிழைக்கவில்லை. ஒரு பக்கம் கறையான் தின்றிருக்கும். அல்லது கீழ்க்கட்டை ஈரத்தில் நைந்து போயிருக்கும். பழுப்பேறி அடங்கிய வர்ணங்களோடு இருக்கும் படத்தைச் சுற்றி, மஞ்சள் வார்னிஷ் பளபளக்கும் புதுச் சட்டத்தை மாட்டினால், கண் படத்துக்குப் போகாது. சட்டத்திலேயே தடுக்கி விழும். இந்த இடத்தில் சட்டத்துக்குச் சற்று வயது ஏற்றுவது நியாயமான காரியம். கெட்டுப்போன ஒரு கட்டையை மாத்திரம் மாற்றி, புதுக் கட்டையை மற்ற மூன்றோடு இசைய வைப்பது அதைவிடவும் நியாயம்.

எப்படி ஏற்றுவது என்று பார்க்குமுன், வயது என்பது சட்டத்தின் மேல் எங்கே, எப்படி விழுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். முதுமை ஒரு சாயம் போல எங்கும் சமமாகப் பரவுவதில்லை. கீழ்க்கட்டையின் மேல் விளிம்பில் தூசி தங்கும். மேற்கட்டையின் அடிப்புறத்தில் தங்காது. பூஜை அறைச் சட்டமானால், விளக்குப் புகை படிந்து மேற்பகுதி கறுத்திருக்கும். கீழ்ப்பகுதியில் சந்தனமும் குங்குமமும் ஊறியிருக்கும். துடைக்கிற கை எட்டும் மேடுகள் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கும்; கை எட்டாத பள்ளங்களில் கருமை அப்படியே உறைந்திருக்கும். மரம் உலர உலர அகலத்தில் சுருங்குகிறது; நீளத்தில் அவ்வளவாகச் சுருங்குவதில்லை. அதனால் நான்கு மூலைக் கூட்டுகளும் உட்புறத்தில் மெல்லிய கீற்றாகப் பிளந்து கொடுக்கும். இவ்வளவும் ஒரே சட்டத்தில் காரண காரியத்தோடு அமைந்திருப்பதுதான் உண்மையான பழமை. சட்டம் முழுவதும் ஒரே கறுப்பாக, நான்கு மூலைகளும் ஒரே மாதிரி உடைந்து, வரிசையாகப் பள்ளம் விழுந்திருந்தால், அது ஒரே நாளில் கிழமான சட்டம் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

இனிக் காரியத்துக்கு வருவோம். வார்னிஷ் அடிக்காத தேக்குச் சட்டமாகப் பார்த்து வாங்குங்கள். கையால் பிடிக்கிற இடங்களிலும் வெளி மூலைகளிலும் மாத்திரம் மெல்லிய உப்புக் காகிதத்தால் தேய்த்துக் கூர்மையை மழுக்குங்கள். சாவிக் கொத்தினால் இரண்டு மூன்று இடங்களில் தட்டினால் போதும். இதில் கஞ்சத்தனமே கலை.

நிறம் ஏற்ற நம் நாட்டுச் சரக்கே இருக்கிறது. காளஹஸ்தியில் கலம்காரித் துணி எழுதுவோர், துணியை முதலில் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்துக் கொள்வார்கள். பிறகு இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் புளிக்க வைத்து எடுத்த சாற்றினால் கோடு இழுப்பார்கள். கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சந்தித்த மாத்திரத்தில் கறுப்பு நிறம் பிறக்கிறது. மரத்திலும் இதே ரஸவாதம் பலிக்கும். ஒரு கைப்பிடி கடுக்காய்த் தோலை நசுக்கி, இரண்டு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்டும்வரை காய்ச்சி வடிகட்டுங்கள். இன்னொரு பக்கம், துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் ஊறப் போடுங்கள். அதிலிருந்து வாயு கிளம்பும். ஆகையால் புட்டியை இறுக மூடாமல் துணியால் வாய் கட்டி வைக்க வேண்டும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு; அதை ஸ்பிரிட் தொட்ட துணியால் முதலில் துடைத்துவிடுங்கள். பிறகு கடுக்காய்க் கஷாயத்தைப் பூசி, உலர்ந்ததும் இரும்பு நீரைத் துணியில் தொட்டுத் தடவுங்கள். நீங்கள் பார்த்துக் கொண்டிருக்கும்போதே மரம் சாம்பல் பூத்துக் கறுக்கும். மரத்துக்கு மரம் விளைவு வேறுபடுமாதலால், சட்டத்தின் பின்பக்கத்தில் ஒரு விரற்கடை இடத்தில் சோதித்துப் பார்த்த பிறகே முன்பக்கம் திரும்ப வேண்டும்.

நன்றாக உலர்ந்த பின், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷ் ஒரே ஒரு தடவை, மெல்லியதாக. அதன் மேல் தேன்மெழுகு. மெழுகைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்கி, அடுப்பிலிருந்து வெகு தூரம் விலக்கி வைத்த பிறகு டர்பன்டைன் கலக்க வேண்டும். டர்பன்டைன் சட்டென்று தீப்பற்றும். அதில் துளி விளக்குக் கரியும் துளி காவிப் பொடியும் குழைத்துப் பள்ளங்களிலும் மூலைகளிலும் அழுத்தித் தேய்த்து, மேடுகளிலிருந்து துடைத்து எடுங்கள். பழமையின் பாதி இந்தத் துடைப்பில்தான் இருக்கிறது. ஆளிவிதை எண்ணெயை உபயோகிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்த எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால் தாமாகவே சூடேறித் தீப்பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் விரித்து உலர்த்துங்கள். அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள்.

தங்கப் பூச்சுள்ள சட்டமானால் கதை வேறு. ஐரோப்பாவின் பழைய சட்டங்களில் மரத்தின் மேல் சீமைச் சுண்ணாம்பும் வஜ்ஜிரமும் குழைத்துப் பூசி, அதன் மேல் செந்நிறக் களிமண் பூசி, அப்புறமே தங்க ரேக்கை ஒட்டினார்கள். காலப்போக்கில் மேடுகளில் தங்கம் தேய, அடியிலிருந்து சிவப்பு எட்டிப் பார்க்கும். பழைய தங்கச் சட்டத்தின் இதமான அழகுக்கு இந்தச் சிவப்பே காரணம். புதுச் சட்டத்திலும் ரேக்குக்கு அடியில் காவிநிறம் பூசிவிட்டு, ஒட்டி முடிந்ததும் மேடுகளைப் பஞ்சினால் மெல்லத் தேய்த்தால் அந்தச் சாயல் வந்துவிடும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ரேக்குப் பெரும்பாலும் பித்தளைதான். அது நாளடைவில் கறுத்துக் களிம்பேறும். தங்கமோ புகை படிந்து மங்குமே தவிர, களிம்பு பிடிக்காது. ‘இருநூறு வருஷத்துத் தங்கம்’ என்று ஒருவர் காட்டும் சட்டத்தில் பச்சை படர்ந்திருந்தால், மரியாதையாகக் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

இங்கேதான் இந்த வித்தையின் மறுபக்கம் தொடங்குகிறது. அலங்காரத்துக்காக ஏற்றிய வயதை விலைக்காகச் சொல்ல ஆரம்பித்தால் அது மோசடி. இரண்டுக்கும் கைவேலை ஒன்றே, வாய்ச்சொல்தான் வேறு. இத்தாலியில் ஸீயெனா நகரத்தில் ஜோனி என்று ஒருவர் இருந்தார் (1866 முதல் 1946 வரை). தங்க முலாம் பூசும் வேலை கற்றவர். தம் ஊரின் பழைய கணக்குப் புத்தகங்களுக்கு இருந்த சித்திரப் பலகை அட்டைகளைப் போலவும், பழைய தெய்வப் படங்களைப் போலவும் புதிதாகச் செய்வதில் கெட்டிக்காரர். அவை பல நூற்றாண்டுப் பழமையுள்ளவை என்ற பெயரில் விலைபோயின. கடைசியில், 1932-ல், ‘பழைய படங்கள் எழுதும் ஓவியன்’ என்று தம்மை அழைத்துக்கொண்டு சுயசரிதமே வெளியிட்டுவிட்டார்! சிரிக்கலாம், ஆனால் ஏமாந்தவர்களால் சிரிக்க முடியாது.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும். செட்டிநாட்டு மாளிகைகளிலிருந்து வந்த தூண்களும் எனாமல் பாத்திரங்களும் படங்களும் அங்கே குவிந்து கிடக்கும். அப்படிப்பட்ட கடைத்தெருக்களில் சட்டம் வாங்கப் போகிறவர் முன்பக்கத்தைப் பார்த்து மயங்காமல், முதலில் சட்டத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முன்பக்கத்துக்கு எல்லாரும் வயது ஏற்றுவார்கள். பின்பக்கத்துக்கு ஏற்ற மறந்துவிடுவார்கள். பின்பலகை ஒட்டுப் பலகையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். திருகாணித் தலையில் கூட்டல் குறி போன்ற பள்ளம் இருந்தால், அத்தகைய ஆணி 1930-களுக்குப் பிறகே வழக்கத்துக்கு வந்தது என்பதை நினைவு கூருங்கள். பின்னால் பழுது பார்த்தபோது போட்டதாகவும் இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பூச்சித் துளைகளையும் கவனியுங்கள். மரத்துக்குள் பிறந்த புழு, வண்டாகி வெளியேறும் வழியே அந்தத் துளை. உள்ளே அது வளைந்து வளைந்து போகும். ஒரு மெல்லிய கம்பியை விட்டால் நேராக உள்ளே இறங்குகிறதா? அப்படியானால் அந்தப் பூச்சிக்குத் துளைக்கும் கருவி ஒன்று இருந்திருக்க வேண்டும்! தேக்கின் வைரத்தைப் பூச்சி எளிதில் தொடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

படச் சட்டத்துக்கும் ராஜாங்கச் சட்டத்துக்கும் சம்பந்தம் வருகிற ஓர் இடமும் உண்டு. 1972-ல் இயற்றப்பட்டு 1976-ல் அமலுக்கு வந்த தொல்பொருள் சட்டத்தின்படி, நூறு வயதுக்குக் குறையாத கலைப் பொருளைத் தனி மனிதர் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். வயது ஏற்றிய புதுச் சட்டத்தை அயல்நாட்டில் இருக்கும் மகனுக்கு அனுப்பப் போகிறவர், அது பழம்பொருள் அன்று என்று தொல்பொருள் ஆய்வுத் துறையிடம் சர்டிபிகேட் வாங்க நேரலாம். பொய்க்கிழவன் தன் வாலிபத்தை ருசுப்படுத்தும் காட்சி!

வீட்டிலே மெய்யான பழஞ்சட்டம் இருக்கிறவர்களுக்கு யோசனை வேறு: அதற்கு ஒன்றுமே செய்யாதீர்கள். மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும். தஞ்சாவூர்ப் படத்தின் மேலும் தங்கம் பூசிய சட்டத்தின் மேலும் ஈரத் துணியே படக் கூடாது. அடியிலுள்ள சுண்ணப் பசை தண்ணீரில் நெகிழ்ந்துவிடும். பழைய வர்ணம் பூசிய சட்டத்தை உலர்ந்த உப்புக் காகிதத்தால் தேய்ப்பது உடம்புக்கே கெடுதல். பழைய வர்ணங்களில் ஈயம் இருப்பதுண்டு; அந்தத் தூள் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பறக்க வேண்டாம். பழைய கண்ணாடியில் லேசான அலை தெரியும். உடையாதவரை அதையே வைத்திருங்கள். முக்கியமாக, பின்பக்கத்துக் காகிதத்தைக் கிழித்தெறியாதீர்கள். கண்ணாடி போட்ட கடையின் சீட்டு, யாருடைய கல்யாணத்துக்கு வந்த படம் என்ற குறிப்பு, பென்சிலால் எழுதிய ஒரு தேதி இவற்றில் எதுவும் அங்கே இருக்கக் கூடும். குடும்பத்தில் வேறு எங்கும் எழுதி வைக்காத செய்தியாகவும் அது இருக்கும். சட்டத்தைச் ‘சுத்தம்’ செய்கிறவர்கள் முதலில் தொலைப்பது அதைத்தான்.

புதுச் சட்டத்துக்கு நீங்களே வயது ஏற்றினால், நீங்களும் அவ்வாறே ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்: இன்ன வருஷத்தில் செய்த சட்டம், இன்ன மரம், கடுக்காயும் இரும்பும் கொண்டு கறுப்பு ஏற்றியது, பழைய சட்டம் கறையானுக்குப் போய்விட்டது என்று நான்கு வரி. ஐம்பது வருஷம் கழித்து உங்கள் பேத்தி அதைக் கழற்றிப் பார்க்கும்போது எது பாட்டனார் காலத்தது, எது உங்கள் காலத்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். ஒட்டுக் காகிதத்தில் எழுத வேண்டாம். அடுத்த முறை கண்ணாடி மாற்றுகிறவர் அதைக் கிழித்துப் போட்டுவிடுவார். மரத்தின் மேலேயே, பென்சிலால் அழுத்தி எழுதுங்கள்.