அரவான் மேடையும் வானவில் சுவரும்

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில், இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மணற்கல் சுவரில், காளையின்மேல் அமர்ந்து வீணை மீட்டும் அர்த்தநாரீசுவரர், அதாவது ஒருபாதி ஆணும் மறுபாதி பெண்ணுமான சிவவடிவம், செதுக்கப்பட்டுள்ளது. அதே நகரில் பிரம்மோற்சவ நாள்களில் வரதராசப் பெருமாள் பெண்ணுருவான மோகினி அலங்காரத்தில் வீதியுலா வரும்போது முகம் சுளிப்பவர் எவருமில்லை. ஆண், பெண் என்னும் எல்லையைத் தெய்வம் கடப்பதை இயல்பாக ஏற்றுக்கொண்ட சமயம், அவ்வெல்லையில் பிறந்த மனிதருக்கு அதே முகமலர்ச்சியைக் காட்டியதா என்பது வேறு கேள்வி.

இக்கேள்வியைக் கலையின் வழியே நெருங்குவதற்குத் தொண்டை மண்டலத்தில் பழைய மேடை ஒன்று உண்டு. திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவு முழுவதும் கூத்துமாகப் பல நாள் நடக்கும் பாரத விழாவில், ஊரே திரண்டு காணும் கதைகளுள் ஒன்று அரவான் களப்பலி. அர்ச்சுனனுக்கும் நாககன்னிகைக்கும் பிறந்த அரவான் பாண்டவர் வெற்றிக்காகக் காளிக்குத் தன்னையே பலியிட ஒப்புகிறான். மணமாகாமல் சாக விரும்பாத அவனுக்குப் பெண் கொடுப்பார் இல்லாமையால், கண்ணனே மோகினியாகி ஓரிரவு மனைவியாகிறான் என்பது உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த கூவாகத்து மரபு. அங்குள்ள, அரவானாகிய கூத்தாண்டவர் கோயிலின் சித்திரைத் திருவிழாவில் திருநங்கையர் பூசாரியின் கையால் தாலி கட்டிக்கொண்டு இரவெல்லாம் ஆடிப் பாடுகின்றனர். மறுநாள் அரவான் களப்பலியானதும் தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்துகின்றனர். வேண்டுதலுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் உள்ளூர் ஆண்களும் இருக்கின்றனர் என்பதைச் செய்தி ஒளிப்படங்கள் பெரும்பாலும் காட்டுவதில்லை.

கண்ணாடிச் சில்லுகள் பதித்த மரத்தாலான கிரீடம், தோளணி முதலிய ‘கட்டை’களை அணிந்து ஆடுவதால் கட்டைக்கூத்து எனப் பெயர் பெற்ற, பாரத விழாவில் ஆடும் இக்கலையில், திரௌபதி உள்ளிட்ட பெண் வேடங்களையும் நெடுங்காலமாக ஆண்களே கட்டி வந்தனர். ஆண் பெண்ணாக மாறுவதை விடியும்வரை விழித்திருந்து ரசித்த ஊர், பெண் ஒருத்தி அதே மேடையில் ஏறுவதை ஏற்கத் தயங்கியது. ஆனால் 1990-இல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கம், காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில் சிறுமியருக்கும் கூத்து கற்பித்தது. ஒருவரின் வடிவத்தை மேடையில் கொண்டாடுவதும் அவரையே மேடையேற்றுவதும் ஒன்றல்ல என்பதற்கு ஊரின் அந்தத் தயக்கத்தைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பால், பாலின வேறுபாடுடையோரின் அடையாளமாக இன்று உலகெங்கும் வழங்கும் வானவில் கொடியும் கைவினையாகவே பிறந்தது. கில்பர்ட் பேக்கர் என்னும் ஓவியர் தோழர்களுடன் சேர்ந்து 1978-இல் சான் பிரான்சிஸ்கோவில் கையால் சாயம் தோய்த்துத் தைத்த முதற்கொடியில் எட்டு வண்ணங்கள் இருந்தன. பின்னர் அவை ஆறாகக் குறைந்தன. சாயம் தோய்த்த பட்டைக் கொண்டு, உடலையும் கரையையும் வெவ்வேறு வண்ண ஊடையால் நெய்து கோர்வையாகப் பிணைக்கும் காஞ்சிபுரத்துக்கு அந்த வேலை அந்நியமானதன்று. இந்தியாவில் அந்த வானவில் உணர்வைத் தெருச்சுவருக்குக் கொண்டுவந்தது 2016-இல் பெங்களூரில் பூர்ணிமா சுகுமார் தொடங்கிய அரவாணி கலைத் திட்டம். அரவானின் பெயர் வழியே திருநங்கையருக்கு வழங்கிய பழைய சொல்லைத் தாங்கிய இக்குழுவில், திருநங்கையரும் பிறரும் சேர்ந்து பொதுச்சுவர்களில் பெரிய ஓவியங்களைத் தீட்டுகின்றனர். தெருவில் ஏச்சுக் கேட்டுப் பழகியவர் அதே தெருவில் தூரிகையுடன் நிற்கும்போது, வழிப்போக்கர் நின்று பேச்சுக் கொடுக்க ஒரு காரணம் கிடைக்கிறது. முடிந்த ஓவியத்தைவிட அந்தப் பேச்சே முதன்மையானது எனலாம்.

சட்டமும் அரவான் புராணத்தைத் தொட்டது. தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் 2008 ஏப்ரல் 15 அன்று அமைந்தது. தற்செயலாக 2014-இல் அதே நாளில் மூன்றாம் பாலினத்தை ஏற்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, அரவான் கதையையும் எடுத்துக்காட்டியது. 2018 அக்டோபரில் தூத்துக்குடி சங்கர ராமேசுவரர் கோயிலில் ஆண் ஒருவரை மணந்த திருநங்கையின் திருமணத்தைப் பதிவுசெய்ய அதிகாரிகள் மறுத்தபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில், இந்து திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் எனத் தீர்ப்பளித்தது. சமயத்தைப் பின்பற்றும் உரிமையைக் கூறும் அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது.