முன்பாரம், பின்பாரம்: பந்தயக் காரும் பார வண்டியும்

பட்டுச் சேலை விற்கிறவனுக்கும் கார்ப் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1979 முதல் கரியாஹாட்டில் ஆரணிப் பட்டும் காஞ்சிப் பட்டும் விற்று வருகிறேன். பொறியியல் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்ல. ஆனால் தராசு பிடித்த கை இது. பாரம் எங்கே இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். அது வணிகனுக்கும் தெரிந்திருக்க வேண்டிய பொருள் என்பதை ஒரு தப்புச் செய்த பிறகே கற்றுக்கொண்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

போன வருஷம் என் தங்கை மகன் வந்தான். பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். "மாமா, பின்பக்க ஸ்பிரிங்கை மாத்தி, வண்டி கிளம்பும்போது பின்னாடி உட்கார்ற மாதிரி பண்ணப் போறேன். அமெரிக்காவில் டிராக் ரேஸ் கார் எல்லாம் அப்படித்தான் பாயுது" என்றான். அவனுக்குச் சொன்ன விளக்கம்தான் இங்கே விரிவாக.

டிராக் ரேஸ் என்றால் என்ன?

வளைவு இல்லாத நேர்பாதையில், நின்ற இடத்திலிருந்து கிளம்பி, குறித்த தூரத்தை யார் முதலில் கடப்பது என்ற போட்டி. வழக்கமான தூரம் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர். அமெரிக்காவில் இதற்கென்று 1951இல் தேசிய அமைப்பே தொடங்கினார்கள். நம் நாட்டில் பந்தயங்களுக்குப் பழைய விமான ஓடுதளங்களே முதலில் கைகொடுத்தன. சென்னைக்கு வடக்கே சோழவரம், இங்கே கல்கத்தாவுக்கு அருகே பாரக்பூர் இரண்டும் அப்படிப்பட்டவை. சோழவரத்தில் ஃபியட், ஹெரால்டு போன்ற வீட்டுக் கார்களே மாற்றங்களோடு ஓடின. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுபாதை வந்தது. கோவையில் செட்டிபாளையத்து ஓடுபாதை 2003இல் வந்தது.

மாட்டு வண்டிப் பாடம்

வந்தவாசிப் பக்கம் எங்கள் கிராமம். அப்பா வண்டியில் நெல் மூட்டை ஏற்றும்போது "முன்பாரம் பார், பின்பாரம் பார்" என்பார். இரண்டு சக்கரம், நடுவே ஒரு அச்சு. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். மேட்டில் ஏறும்போது பாரம் பின்னால் சாய்வதால், ஒருவர் முன்னால் போய் உட்காருவதும் உண்டு. வண்டியின் மொத்த எடை மாறவில்லை; எடை விழும் இடம்தான் மாறுகிறது. பந்தயக் காரின் சூட்சுமம் முழுவதும் இதற்குள் அடக்கம்.

வள்ளுவரும் வலியறிதல் அதிகாரத்தில், அளவுக்கு மிஞ்சினால் மயிலிறகு ஏற்றிய வண்டிக்கும் அச்சு முறியும் என்று சொன்னார். அவர் அளவைச் சொன்னார். நாம் இடத்தையும் சேர்த்துக்கொள்வோம்.

கிளம்பும்போது நடப்பது

பஸ் சட்டென்று கிளம்பினால் நாம் பின்னால் சாய்கிறோம் அல்லவா? காரின் எடையும் அப்படியே பின்சக்கரங்களின் மேல் சாய்கிறது. எவ்வளவு சாயும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. காரின் எடையை, முடுக்கம் புவியீர்ப்பில் எத்தனை பங்கோ அதால் பெருக்கி, எடை மையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தாலும் பெருக்க வேண்டும். வந்ததை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும்.

ஒரு கார் 1000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிற்கும்போது முன்னால் 550, பின்னால் 450. எடை மையத்தின் உயரம் 50 செ.மீ., அச்சுகளின் இடைவெளி 250 செ.மீ. புவியீர்ப்பில் 0.4 பங்கு முடுக்கத்தோடு கிளம்ப வேண்டும். சாயும் எடை 80 கிலோ. ஆக ஓட்டத்தில் முன்னால் 470, பின்னால் 530.

இப்போது பிடிப்பைப் பாருங்கள். டயர் தன் மேல் உள்ள பாரத்தில் 0.8 பங்கு அளவுக்குத் தரையைப் பற்றும் என்று கொண்டால், பின்சக்கரம் இழுக்கும் கார் 424 கிலோ அளவுக்குப் பற்றும். தேவை 400தான், கார் பாயும். அதே கார் முன்சக்கரம் இழுப்பதானால் 376தான் கிடைக்கும். சக்கரம் வெறுமனே சுற்றும், ரப்பர் கருகும், கார் பின்தங்கும்.

என் மருமகன் வைத்திருப்பது முன்சக்கரம் இழுக்கும் கார். அமெரிக்கப் படத்தில் பார்த்தது பின்சக்கரம் இழுக்கும் கார். அங்கே லாபமாக இருப்பது இங்கே நஷ்டம். இவன் வண்டியில் பின்பக்கம் அமுங்குவதையும் மூக்கு தூக்குவதையும் தடுக்க வேண்டும். அவனோ அதை வளர்க்கப் போனான்!

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்

ஸ்பிரிங்கை மென்மையாக்கினால் அதிக எடை பின்னால் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். மேலே சொன்ன கணக்கில் ஸ்பிரிங்குக்கு இடமே இல்லை, கவனித்தீர்களா? எவ்வளவு சாயும் என்பதை எடை, உயரம், நீளம், முடுக்கம் இவைதான் தீர்மானிக்கின்றன. எத்தனை விரைவாக, எத்தனை நிதானமாகச் சாயும் என்பதே ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரின் வேலை. பின்சக்கர இழுப்புக் காரில் முன் ஷாக் அப்சார்பரைச் சுலபமாக நீள விடுவார்கள். மூக்கு உடனே எழும், பின் டயர் உடனே அழுந்தும். அதுவும் அளவு மீறினால் மூக்கு எழுந்து எல்லையில் முட்டித் திரும்பும். பின் டயர் பிடியை விட்டுவிடும்.

நம் வங்காளத்திலேயே, உத்தரபாராவை ஒட்டிய ஹிந்த்மோட்டாரில், 2014 வரை தயாரான அம்பாசடரை எடுத்துக்கொள்ளுங்கள். பின்சக்கர இழுப்பு, பின்னால் ஒரே தண்டாக அச்சு, அதைத் தாங்கும் கமான் பட்டை. மல்லிக் பஜாரில் கமானி என்பார்கள். வேகமாகக் கிளம்பும்போது சக்கரம் ஒருபக்கம் சுற்ற, அச்சு எதிர்ப்பக்கம் முறுக்கும். பட்டை பாம்பு போல வளைந்து, பிறகு விடுபட்டு உதறும். சக்கரம் துள்ளும். பட்டையின் முன்பாதியை இறுகக் கட்டுவதும், அச்சின் அடியில் முறுக்கைத் தாங்கும் தண்டு ஒன்று பொருத்துவதும் இதற்கு மருந்து.

இடம் வலம் என்றும் ஒரு கணக்கு உண்டு. இந்த வகை அச்சில் எஞ்சினின் முறுக்கு வலது பின்சக்கரத்தை லேசாக்கும். ஆகவே பாட்டரியை டிக்கியில் வலது பக்கம் வைப்பார்கள். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறம் உட்காருவதும் கொஞ்சம் கைகொடுக்கும். நான்கு சக்கரத்துக்கும் நான்கு தராசு வைத்து, ஓட்டுநரை உட்கார வைத்தே நிறுக்க வேண்டும்.

பின்பாரமும் மிஞ்சக்கூடாது

அப்படியானால் எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிடலாமா? கூடாது. வண்டியைத் திருப்புவது முன்சக்கரம். அதன் மேல் பாரம் இல்லையென்றால் ஸ்டியரிங் வெறும் அலங்காரம்தான். பெரிய பந்தய வண்டிகளில் மூக்கில் தனியாக எடைக்கட்டி வைப்பதும், பின்னால் நீட்டிய தண்டில் சிறு சக்கரம் பொருத்துவதும் முன்பக்கம் தூக்காமல் இருக்கத்தான்.

டான் கார்லிட்ஸ் என்ற புகழ்பெற்ற அமெரிக்க வீரர் 1970 மார்ச்சில் காலிஃபோர்னியாவில் ஓட்டும்போது, காலருகே கியர் அமைப்பு வெடித்துப் பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். அப்போது எஞ்சின் முன்னால், ஆள் பின்னால். அவர் எஞ்சினைத் தனக்குப் பின்னால் வைத்துப் புது வண்டி கட்டினார். முதலில் அது நேராக ஓட மறுத்தது. கை சிறிது அசைத்தாலே வண்டி அதிகம் திரும்பியதுதான் காரணம். ஸ்டியரிங் மெதுவாகத் திரும்பும்படி மாற்றியதும் சரியாகிவிட்டது. 1971இல் அதே வண்டியில் வென்றார். பாரத்தை இடம் மாற்றினால் ஓட்டும் முறையையும் மாற்ற வேண்டும் என்பது இதில் உள்ள பாடம்.

என் கணக்கில் விழுந்த கடன்

1986, பூஜைக்கு முந்திய மழைக்காலம். கஸ்பாவில் இருந்த கிடங்குக்குச் சேலைக் கட்டுகள் போக வேண்டும். அம்பாசடர் டிக்கியில் ஆறு கட்டு, கட்டுக்கு 25 கிலோ. நானே நின்று ஏற்ற வைத்தேன். பிஜன் சேது ஏற்றத்தில் ஓட்டுநர் மிதித்து ஏற்றினார். எதிரே ஒரு சைக்கிள். அவர் ஒடித்தார், ஈர ரோட்டில் கார் திரும்பாமல் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. சைக்கிள்காரர் தப்பித்தார். ஓட்டுநருக்கு முழங்கால் உடைந்தது. நான் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தேன், கூடவே எல்லார் முன்னாலும் "கவனக்குறைவு" என்று திட்டினேன். அவர் பீகாரில் தன் ஊருக்குப் போய்விட்டார்.

வருஷங்கள் கழித்து இந்தப் பாடங்களைப் படித்தபோதுதான் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். 150 கிலோ, பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால். அச்சு இடைவெளி இரண்டரை மீட்டர். தராசுக் கணக்குப்படி முன்சக்கரங்களிலிருந்து 60 கிலோ உயர்ந்துவிட்டது. மேடு வேறு, மிதித்த மிதி வேறு. திருப்ப வேண்டிய சக்கரங்களில் பாரத்தைக் குறைத்து வைத்தவன் நான். இரண்டு கட்டை முன் இருக்கையில் வைத்திருந்தால் அவர் கால் பிழைத்திருக்கலாம். மன்னிப்புக் கேட்கத் தேடியபோது அவர் உயிரோடு இல்லை. அவர் மகனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை, டீ வாங்கிக் கொடுத்தான்.

மருமகனிடம் இதைச் சொல்லி முடித்தபோது இரவு பத்து மணி. ஸ்பிரிங்கை மாற்றும் யோசனையை விட்டுவிட்டான். பந்தயம் ஓட ஆசை இருந்தால் ஹெல்மெட்டும் மருத்துவரும் இருக்கும் மூடிய ஓடுபாதையில் ஓடு, ராத்திரி ரோட்டில் ஓடாதே என்றேன். சரி என்றிருக்கிறான்.

அன்பர்களே, நம்மில் பலர் சரக்கு ஏற்றுகிறவர்கள். பூஜை நெருங்கும்போது டிக்கியை மூடுமுன் ஒரு நிமிஷம் நின்று, முன்பாரம் பின்பாரம் பாருங்கள். ஓட்டுகிறவரைக் குறை சொல்லுமுன் ஏற்றியவர் கையையும் பாருங்கள்.