அறிந்தபின் அச்சமில்லை

நுழையும்முன்

நோயைக் கண்டறியும் கருவிகள் நாளுக்குநாள் கூர்மை பெற்று வருகின்றன. அக்கருவியின்முன் நிற்கும் நோயாளியின் மனத்தை அறியும் கலையும் அவற்றோடு வளர வேண்டும் அல்லவா? நோயாளி ஒரு குழந்தையாக இருக்கும்போது இக்கேள்வி மேலும் முதன்மை பெறுகிறது. ஸ்கேன் எடுக்கும் அறைக்குள் குழந்தையை முன்னதாகவே அழைத்துச் சென்று, அச்சத்தைக் குறைக்கும் மெய்நிகர் தொழில்நுட்பத்தை இப்பாடம் விளக்குகிறது.

குழந்தை காணும் அறை

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைக்குள் ஆறு வயதுக் குழந்தை ஒன்று நுழைவதாக எண்ணிப் பாருங்கள். குளிரூட்டப்பட்ட அறை, நடுவில் மிகப் பெரிய கருவி, அதன் மையத்தில் 60 அல்லது 70 செ.மீ. விட்டமுள்ள குகை போன்ற திறப்பு. குழந்தையைக் குறுகிய படுக்கை ஒன்றில் படுக்க வைக்கின்றனர். தலையை எடுக்கும் படமாயின், கூண்டு போன்ற ஓர் அமைப்பை முகத்தின்மேல் பொருத்துகின்றனர். படுக்கை மெல்ல நகர்ந்து குகைக்குள் செல்கிறது. அடுத்த நொடியில் சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசை தொடங்குகிறது. அந்த ஓசை 100 டெசிபலைக் கடப்பதும் உண்டு. காதுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட்டாலும் அதிர்வை உணர முடியும். ‘அசையாமல் படுத்திரு’ என்பதே அக்குழந்தைக்குக் கிடைக்கும் அறிவுரை.

இக்கருவியால் வலி ஏற்படுவதில்லை என்பது மருத்துவருக்குத் தெரியும், பெற்றோருக்கும் தெரியும். குழந்தைக்குத் தெரியாது. இந்த இடைவெளியில்தான் அச்சம் பிறக்கிறது.

அசையாமை ஏன்?

நம் உடலின் பெரும்பகுதி நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. எம்.ஆர்.ஐ. கருவியின் வலிமையான காந்தப்புலம் இவ்வணுக்களின் கருக்களை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. பரவலாகப் பயன்படும் 1.5 டெஸ்லா கருவியின் காந்தப்புலம், புவியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமை உடையது. அந்நிலையில் வானொலி அலைகள் செலுத்தப்படுகின்றன. அலைகள் நின்றதும் அணுக்கருக்கள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. அப்போது வெளிப்படும் நுண்ணிய சைகைகளைக் கணினி திரட்டிப் படமாக்குகிறது. கருவியின் உள்ளே உள்ள கம்பிச் சுருள்களில் மின்னோட்டம் விரைந்து மாறும்போது, அவை காந்த விசையால் அதிர்கின்றன. குழந்தையை மருட்டும் ஓசை இந்த அதிர்விலிருந்தே எழுகிறது.

ஒளிப்படம் ஒரு நொடியில் முடிந்துவிடும், எம்.ஆர்.ஐ. படம் அப்படியன்று. பல நிமிடங்கள் சேர்த்த சைகைகளால் அது உருவாகிறது. புள்ளிகளை வைத்துவிட்டுக் கோலமிடும்போது, இடையில் புள்ளிகள் நகர்ந்துவிட்டால் என்ன ஆகும்? முழுக் கோலமும் குலையும். தலை சில மில்லிமீட்டர் அசைந்தாலே படம் இவ்வாறு மங்கக்கூடும். மங்கிய படத்தில் சிறிய கட்டி ஒன்று மருத்துவரின் கண்ணுக்குத் தப்பலாம்.

உறங்க வைத்து எடுக்கும் படம்

அஞ்சி அழும் குழந்தையால் இருபது நிமிடமோ நாற்பது நிமிடமோ அசையாதிருக்க இயலாது. ஆகவே, இளங்குழந்தைகள் பலருக்கு மயக்க மருந்து கொடுத்தே படம் எடுக்கின்றனர். தக்க மருத்துவர் மேற்பார்வையில் இது பாதுகாப்பான முறையே. ஆயினும், குழந்தை பல மணிநேரம் உணவின்றி இருக்க வேண்டும். மயக்கவியல் மருத்துவர் உடனிருக்க வேண்டும். விழித்த பிறகும் கண்காணிப்பு தேவை. செலவும் காத்திருப்பும் கூடுகின்றன. மருந்தின் பக்கவிளைவுகளையும் கருத்தில் கொள்ள வேண்டியுள்ளது. நோய் காரணமாக ஆண்டுதோறும் பலமுறை ஸ்கேன் எடுக்க வேண்டிய குழந்தைக்கு இச்சுமை ஒவ்வொரு முறையும் திரும்ப வருகிறது.

அச்சம் மட்டுமே தடையாக இருக்கும் குழந்தைக்கு, அச்சத்தை நீக்கினால் மயக்க மருந்தைத் தவிர்க்கலாம் அல்லவா? இவ்வினாவே புதிய முயற்சிகளுக்கு வித்திட்டது.

கப்பலாக மாறிய கருவி

அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனத்தில் மருத்துவக் கருவிகளை வடிவமைத்தவர் டக் டீட்ஸ். தாம் வடிவமைத்த எம்.ஆர்.ஐ. கருவியைக் காண மருத்துவமனைக்குச் சென்றபோது, அக்கருவியைக் கண்டு ஒரு சிறுமி அழுவதைப் பார்த்தார். தம் பெருமைக்குரிய படைப்பு ஒரு குழந்தையின் கண்ணில் எவ்வாறு தோன்றுகிறது என்பதை அன்று உணர்ந்தார். அதன்பின் பிட்ஸ்பர்க் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் ஸ்கேன் அறைகள் கதைக்களங்களாக மாற்றப்பட்டன. ஓர் அறையில் ஸ்கேன் கருவி கடற்கொள்ளையர் கப்பல் ஆயிற்று. இன்னொரு களத்தில் படுக்கையே ஓடம். ஓடம் ஆடாமலிருக்கக் குழந்தை அசையாது படுத்திருக்க வேண்டும். ‘நாளைக்கும் வரலாமா?’ என்று ஒரு சிறுமி தன் தாயிடம் கேட்டதை டீட்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

இங்குக் கருவியின் உள்ளமைப்பு எதுவும் மாறவில்லை. குழந்தை அதைக் காணும் கண் மாறியது.

மெய்நிகரில் ஓர் ஒத்திகை

எல்லா மருத்துவமனைகளும் அறைகளை இவ்வாறு மாற்றி அமைக்க இயலாது. மாதிரிக் கருவி ஒன்றைச் செய்து ஒத்திகை பார்க்கும் முறையும் உண்டு. ஆனால், அதற்குத் தனி இடமும் பொருட்செலவும் தேவை. இவ்விடத்தில் மெய்நிகர் தொழில்நுட்பம் கைகொடுக்கிறது.

இலண்டனில் உள்ள கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையைச் சேர்ந்தோர், எம்.ஆர்.ஐ. எடுக்க வரும் குழந்தையின் பயணத்தை 360 பாகை கேமராவால் படமாக்கி, ஒரு திறன்பேசிச் செயலியில் கட்டணமின்றி வழங்கினர். அதன் பயன் குறித்த ஆய்வை 2019ஆம் ஆண்டு வெளியிட்டனர். திறன்பேசியை அட்டையால் செய்த எளிய மெய்நிகர் கண்ணாடியில் பொருத்திக்கொண்டால், குழந்தை தலையைத் திருப்பும் திசையெல்லாம் மருத்துவமனையின் காட்சி விரிகிறது. கருவி எங்கே உள்ளது, குகைக்குள் கிடக்கும்போது கண்முன் என்ன தெரியும், எத்தகைய ஓசை கேட்கும் என்பவற்றைக் குழந்தை வீட்டில் இருந்தபடியே அறிந்துகொள்கிறது. அஞ்சினால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம். விரும்பினால் மீண்டும் காணலாம். உண்மையான அறையில் கிடைக்காத இந்த உரிமையே ஒத்திகையின் வலிமை.

ஸ்கேன் நாளன்று குழந்தை நுழைவது புதிய இடத்திற்குள் அன்று. ஏற்கெனவே சென்று வந்த இடத்திற்குள்.

தெரிந்து தெளிவோம்

தலையில் அணிந்து கணினிக் காட்சியைக் காணும் கருவியை 1968ஆம் ஆண்டு ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிக் காட்டினார். அது மேற்கூரையிலிருந்து தொங்கும் அமைப்புடன் இணைக்கப்பட்டிருந்தது. 2014இல் கூகுள் நிறுவனம் அறிமுகப்படுத்திய கண்ணாடியோ மடித்த அட்டையாலும் இரு வில்லைகளாலும் ஆனது.

கருவிக்குள்ளும் மெய்நிகர்

வழக்கமான மெய்நிகர் கருவிகளில் உலோகமும் மின்னணு உறுப்புகளும் இருப்பதால், அவற்றை எம்.ஆர்.ஐ. அறைக்குள் கொண்டு செல்லுதல் கூடாது. எனவே, இத்தொழில்நுட்பம் பெரும்பாலும் முன்தயாரிப்புக்குப் பயன்பட்டு வந்தது. கிங்ஸ் கல்லூரியின் ஆய்வாளர்கள் காந்தப்புலத்தில் பயன்படுத்தத்தக்க மெய்நிகர் அமைப்பு ஒன்றை உருவாக்கி, 2021ஆம் ஆண்டு வெளியிட்டனர். இதில் காட்சி வெளியிலிருந்து ஒளியாகச் செலுத்தப்படுகிறது. படுத்திருப்பவர் கையை அசைக்காமல், கண் பார்வையாலேயே காட்சிகளைத் தேர்ந்தெடுக்கிறார். கருவியின் ஓசையும் அதிர்வும் கதையின் ஒரு பகுதியாக இணைக்கப்படுகின்றன.

எல்லையும் பொறுப்பும்

மெய்நிகர் தொழில்நுட்பம் எல்லாக் குழந்தைக்கும் தீர்வாகாது. கைக்குழந்தைக்கும் கடும் வலியில் துடிக்கும் குழந்தைக்கும் மயக்க மருந்து தேவைப்படலாம்; அம்முடிவு மருத்துவருக்கு உரியது. மெய்நிகர் கண்ணாடியை அணிந்தால் சிலருக்குத் தலைசுற்றலும் ஏற்படும். கருவி எதுவாயினும் பெற்றோரின் கையைப் பற்றிக்கொள்ளும் ஆறுதலுக்கு அது மாற்றாகாது.

எனினும், இம்முயற்சி நமக்குக் கற்பிக்கும் பாடம் கருவியைவிடப் பெரியது. ‘சாப்பிடாவிட்டால் ஊசி போடச் சொல்வேன்’ என்று நம் வீடுகளில் குழந்தைகளை மிரட்டுகிறோம். மருத்துவமனையைத் தண்டனைக்குரிய இடமாக நாமே அறிமுகம் செய்கிறோம். பிறகு, மருத்துவமனை வாயிலில் நின்று, ‘ஒன்றுமே இல்லை, பயப்படாதே’ என்கிறோம். உள்ளே பேரோசை எழும்போது, தான் ஏமாற்றப்பட்டதாகக் குழந்தை எண்ணுகிறது. அடுத்த முறை நம் சொல்லை நம்ப மறுக்கிறது. மாறாக, ‘பெரிய ஓசை கேட்கும், கருவி உன்னை அடிக்காது, ஊசி போட நேர்ந்தால் முன்பே சொல்வார்கள்’ என்று உள்ளதை உள்ளபடி சொல்லலாம். பெரிய அட்டைப் பெட்டியைக் குகையாக்கி, அதற்குள் அசையாமல் படுத்திருக்கும் சிலை விளையாட்டை ஆடலாம். இதற்குத் தொழில்நுட்பம் ஏதும் வேண்டியதில்லை.

குழந்தை கேட்பது அச்சமே இல்லாத உலகை அன்று. அடுத்து என்ன நிகழும் என்று சொல்லும் ஒரு நம்பகமான குரலை. மெய்நிகர் கண்ணாடி அக்குரலுக்குக் காட்சி வடிவம் தருகிறது. அக்குரலாக இருக்க வேண்டியவர்கள் நாம்.

கற்பவை கற்றபின்

1. முதன்முறை மருத்துவமனை செல்லும் தம்பிக்கோ தங்கைக்கோ அங்கு நிகழவிருப்பதை எவ்வாறு விளக்குவீர்கள் என்பதை உரையாடலாக எழுதுக.
2. மெய்நிகர் தொழில்நுட்பத்தைக் கல்வியில் பயன்படுத்தும் வழிகள் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.