ராயபுரத்துக் கிறிஸ்துமஸ் கேக்

கேக் செய்ய 'ஓவன்' வேண்டுமே, அந்தக் காலத்தில் எத்தனை வீட்டில் அது இருந்தது என்கிறீர்களா? ராயபுரத்தில், 1856-ல் திறந்த ரயில் நிலையத்தை அடுத்து வாழ்ந்த ஆங்கிலோ இந்தியப் பெண்மணிகள் அதற்காகக் கவலைப்படவில்லை. மாவு, வெண்ணெய், முட்டை, ரம்மில் ஊறிய திராட்சை எல்லாவற்றையும் வீட்டிலேயே குழைத்து, ரொட்டிக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள். ரொட்டி வெந்த அடுப்பின் மிச்சச் சூட்டில் கேக் நிதானமாக வேகும். சிலர் கொஞ்சம் ரவையும் சேர்ப்பார்கள். சீமைக் கேக்கில் ரவை ஏது! கூடவே 'ரோஸ் குக்கி'. பெயரைக் கண்டு மிரள வேண்டாம், நம் அச்சு முறுக்கேதான்!

1947-க்குப் பிறகு பல குடும்பங்கள் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறின. பாக முறை எழுதிய நோட்டும் கூடவே போயிற்று. வெண்ணெய் எத்தனை, சர்க்கரை எத்தனை என்று அதில் இருக்கும். கிடங்கு அடுப்பின் சூடு மட்டும் இராது. அது கடைக்காரருக்கல்லவா தெரியும்!